எங்க ஸ்கூல் போர் நினைவுப் பலகை: எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

வாட்சாப் குரூப்ல ஒரே கேள்விய பத்து பேரு பத்து விதமா கேக்குறீங்க, நானும் டைப் பண்ணி பண்ணி கட்டவிரலு தேஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு ஒக்காந்தேன். நான் பினாங்குக்காரன், நம்ம ஸ்கூல்ல ஃபார்ம் ஒன்லேருந்து ஃபார்ம் சிக்ஸ் வரைக்கும் படிச்சவன், இப்போ முன்னாள் மாணவர் சங்கத்துல இந்த பலகை வேலைய பாக்குற மூணு பேர்ல ஒருத்தன். வரலாறு படிச்சவன்லாம் இல்ல, கப்பல் கம்பெனியில கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவன். அதனால பேரு, தேதி, எண்ணு இதுல மட்டும் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி, பொறுத்துக்குங்க.

முதல்ல இது என்ன பலகை? நான் பாத்ததே இல்லையே?

பாத்திருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. பழைய ஹால் படிக்கட்டு ஏறுனதும் எடது பக்க செவுத்துல, ஹெட் பாய் போர்டுக்கும் கிரிக்கெட் கேப்டன் போர்டுக்கும் நடுவுல இருந்துச்சு. தேக்கு மரம், தங்கக் கலர் எழுத்து, மேல இங்கிலீஷ்ல ரெண்டு வரி, கீழ மூணு வரிசை பேரு. நாலாவது வரிசைக்கு கோடு மட்டும் போட்டு வச்சிருக்கு, உள்ள ஒரு பேரும் இல்ல. நானே படிக்கிற காலத்துல அத ஒரு நாளு நின்னு படிச்சதில்ல, டிடென்ஷன் முடிஞ்சு அதுக்கு கீழ ஒக்காந்து ஐஸ் கச்சாங் சாப்ட்டதுதான் ஞாபகம்.

ஹால ரிப்பேர் பண்ண கழட்டுனப்போ பாத்தா பின்பக்கம் கரையான் பாதி தின்னு வச்சிருக்கு. சரி, ஒடஞ்சு போறதுக்குள்ள பேரையாவது தாள்ல எழுதிக்கலாம்னு ஒக்காந்தோம். எழுத எழுதத்தான் ஒறைக்குது, வெள்ளக்கார வாத்தியாருங்க பேரு இருக்கு, யுரேஷியன் பேரு இருக்கு, சீனர் பேரு இருக்கு, நம்மாளுங்க பேர ஒரு கை வெரலுக்குள்ள எண்ணிடலாம். ஆனா இந்த ஊருல எந்த தமிழ் வீட்டுல போயி கேட்டாலும் ஜப்பான்காரன் மலாயாவ பிடிச்சு வச்சிருந்த காலத்துல போயி திரும்பாதவரு ஒருத்தரு இருப்பாரு. அந்த வெறும் நாலாவது வரிசைய அன்னையிலேருந்து மறக்க முடியல.

பலகையில பேரு இருந்தா போர்ல செத்துட்டாருன்னுதான் அர்த்தமா?

ஆமா, நம்ம பலகை செத்தவங்களுக்கு மட்டும் போட்டது. போருக்கு போன எல்லார் பேரையும் போடுற பலகை வேற, சில ஸ்கூல்ல ரெண்டும் தனித்தனியா இருக்கும், சில எடத்துல ஒண்ணா போட்டு செத்தவங்க பேருக்கு பக்கத்துல மட்டும் ஒரு சிலுவையோ நட்சத்திரமோ வச்சிருப்பாங்க. இந்த வித்தியாசம் தெரியாம நெறைய பேரு "எங்க தாத்தாவும் வாலண்டியர் படையில இருந்தவர்தான், ஏன் பேரு இல்ல"ன்னு கோவிச்சுக்குறீங்க. அவரு உயிரோட திரும்பி வந்து உங்கப்பாவ பெத்துருக்காரு, அதான் இல்ல.

ஆனா ஒரு கத சொல்லணும். மூணாவது வரிசையில ஒரு பேரு. அவரப் பத்தி விவரம் கேட்டு எழுதுனதுக்கு சுங்கை பட்டாணியிலேருந்து பேரன் போன் பண்றாரு, தாத்தா சாகவே இல்லையாம், போர் முடிஞ்சு ரொம்ப மாசம் கழிச்சு எலும்பும் தோலுமா வந்து சேந்து, அதுக்கப்புறம் மளிகைக் கட வச்சு பேரப்புள்ளைங்க கல்யாணம் வரைக்கும் பாத்துட்டுத்தான் போனாராம். பழைய மாணவர் விருந்துக்கு வந்தப்போ தன் பேர பலகையில பாத்தும் இருக்காரு. அழிக்கச் சொல்லலாமேன்னு கூட வந்தவங்க சொன்னதுக்கு, "இருக்கட்டும்யா, செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்"னு சிரிச்சுட்டு போயிட்டாராம். பலகைய திருப்பி மாட்டறப்போ அந்த பேரு இருக்காது. எடுக்கறப்போ எனக்குத்தான் கொஞ்சம் மனசு கஷ்டமா இருந்துச்சு.

எந்தெந்த போர கணக்குல எடுக்குறீங்க?

பழைய பலகையில ரெண்டு உலகப்போரும் இருக்கு. மொத போர்னா நமக்கு எங்கயோ பிரான்ஸ்ல நடந்ததுன்னு நெனப்பு, ஆனா 1914 அக்டோபர் 28 விடியக்காலையில ஜெர்மன்காரன் போர்க்கப்பல் எம்டன் நம்ம பினாங்கு துறைமுகத்துக்குள்ளயே வந்து ரஷ்யாக்காரன் கப்பல் செம்சுக்க அடிச்சு மூழ்கடிச்சுட்டு, போற வழியில பிரெஞ்சுக்காரன் கப்பல் மூஸ்கேயையும் முடிச்சுட்டு போச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி செப்டம்பர் 22-ல மெட்ராஸ்ல குண்டு போட்டதும் அதே எம்டன்தான், "அவன் பெரிய எம்டன்டா"ன்னு நாம திட்டறோமே, அது அங்கேருந்து வந்ததுதான். செத்த ரஷ்ய மாலுமிங்க கல்லறை இன்னும் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்துல இருக்கு.

தேதிக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், அதாவது பிரிட்டிஷ் பக்கம் நின்னு செத்த வீரருங்க கல்லறைய பாத்துக்குற அமைப்பு, வச்சிருக்குற கணக்கையே நாங்களும் வச்சுக்கிட்டோம்: மொத போருக்கு 1914 ஆகஸ்ட் 4லேருந்து 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், ரெண்டாவதுக்கு 1939 செப்டம்பர் 3லேருந்து 1947 டிசம்பர் 31 வரைக்கும். போர் முடிஞ்சும் ஏன் இவ்ளோ நாளுன்னா, காயத்துலயும் சீக்குலயும் மெதுவா செத்தவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்காக. ஜப்பான் கேம்ப்லேருந்து வந்து ஆறு மாசத்துல பெரிபெரியில போனவர எந்த கணக்குல விடுவீங்க?

மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்னாடி பின்னாடி நம்ம ராணுவத்துலயும் போலீஸ்லயும் செத்தவங்க?

சேத்தாச்சு. 1948-60ல கம்யூனிஸ்ட் கிளர்ச்சிய அடக்க போட்ட எமர்ஜென்சி, காங்கோவுக்கு ஐ.நா. படையில போனது, இந்தோனேசியா கூட 1963-66ல நடந்த கன்ஃப்ரன்டாசி மோதல், அதுக்கப்புறம் 1989 வரைக்கும் நடந்த ரெண்டாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, எல்லாம். இதுல ரெக்கார்டு ஒழுங்கா இருக்கு, பிரச்சனையே இல்ல.

தமிழ் பேரு ஏன் இவ்ளோ கம்மி? வேணும்னே விட்டாங்களா?

வேணும்னு விட்டாங்களான்னு தெரிஞ்சுக்க பலகைய எழுதுனவங்க யாரும் இப்போ இல்ல. ஆனா போர் முடிஞ்சு ஒடனே யாரு ஒக்காந்து லிஸ்ட் போட்டிருப்பாங்கன்னு யோசிங்க. பிரிட்டிஷ் பட்டாளத்துலேருந்து வந்த அறிவிப்பு, வாலண்டியர் படையோட ரிஜிஸ்டர், இங்கிலீஷ் பேப்பர்ல வந்த மரண விளம்பரம், இதுலேருந்துதான் எடுத்திருப்பாங்க. பினாங்குல அப்போ வாலண்டியர்னா ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் வாலண்டியர் படையோட 3-வது பட்டாளம், அதுதான் பினாங்கு புரோவின்ஸ் வெல்லஸ்லி வாலண்டியர் கோர். அதுல இருந்து செத்தா பேரு தானா வந்துடும். ஏ.ஆர்.பி.ல, அதான் குண்டு வீச்சுப் பாதுகாப்புப் படையில, ஹெல்மெட் போட்டு நின்னவன், தீயணைப்புல ஓடுனவன், ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு, தோட்டத்து கிராணி (கிளார்க்கு), இவங்க செத்தத யாரு எழுதி அனுப்புவா? தமிழ் நேசன் பேப்பர்ல வந்திருக்கலாம், அத கமிட்டியில யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.

இது நம்ம ஸ்கூல் மட்டும் பண்ண தப்பும் இல்ல. அந்த கல்லறை ஆணையம் 1917-ல தொடங்குனப்போவே ரேங்க், இனம், மதம் எதையும் பாக்காம எல்லாரையும் ஒரே மாதிரி நினைவு கூருவோம்னு கொள்கை வச்சவங்க. அவங்களே 2021-ல ஒரு அறிக்கை விட்டு, மொத போர்ல செத்த இந்திய, ஆப்பிரிக்க ஆளுங்கள்ல 45,000லேருந்து 54,000 பேர சமமா நடத்தல, கொறஞ்சது 1,16,000 பேருக்கு பேர் போட்டு நினைவே வைக்கலன்னு ஒத்துக்கிட்டாங்க. அவ்ளோ பெரிய ஆபீஸுக்கே அந்த கதி.

இன்னொரு காரணம், ரெக்கார்டே எரிஞ்சு போச்சு. ஜப்பான்காரன் வந்ததும் நல்ல கட்டடம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டான், ஸ்கூலுங்க கேம்பா மாறுச்சு. அப்புறம் நேச நாட்டுக்காரங்க குண்டு போட்டாங்க: செயின்ட் சேவியர்ஸ் 1945-ல தரமட்டம், ஃபார்குவார் தெருவுல ஃப்ரீ ஸ்கூலோட பழைய கட்டடம் பாதி போச்சு, மிச்ச பாதிதான் பின்னால மியூசியம் ஆச்சு. நம்ம ஸ்கூல் அட்மிஷன் ரிஜிஸ்டர்ல 1930-கள் பக்கமே இல்ல, இருக்குறது எல்லாம் 1946-ல ஞாபகத்துலேருந்து திருப்பி எழுதுனது. மூணரை வருஷம் போனதுல இருவது வயசுப் பையனுங்க ஸ்டாண்டர்ட் செவன்ல ஒக்காந்த வருஷம் அது.

ஐ.என்.ஏ.ல, அதாவது நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல, செத்தவங்க பேரு வருமா?

வரும். ஒரு வருஷம் சண்ட போட்டு எடுத்த முடிவு, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

கமிட்டியில ஒருத்தரு, பேரு வேணாம், அவரோட தாத்தா வாலண்டியரா இருந்து ஜப்பான்காரன் கையில மாட்டி அடிவாங்கி செத்தவரு. அவரு கேட்டது நியாயமான கேள்வி: "எங்க தாத்தாவ கொன்னவன் கூட நின்னவன் பேரும் எங்க தாத்தா பேரும் ஒரே பலகையிலயா?" இதுக்கு சட்டுனு பதில் சொல்லிட முடியாது. ஐ.என்.ஏ. ஜப்பான் உதவியோட நடந்த படைதான், அத மறைக்க வேண்டியதில்ல.

ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. 1941 டிசம்பர் நடுவுல வெள்ளக்காரன் தன் குடும்பங்கள மட்டும் கப்பல்ல ஏத்திக்கிட்டு சத்தமில்லாம பினாங்க விட்டு போயிட்டான், ஊரு ஜனத்துக்கு ஒரு வார்த்த சொல்லல. கோட்டையில பறந்துக்கிட்டு இருந்த பிரிட்டிஷ் கொடிய எறக்குனது யாரு தெரியுமா, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பேப்பர் ஆசிரியர் சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழரு, கொடி பறந்தா ஜப்பான்காரன் குண்டு போட்டுக்கிட்டே இருப்பான்னு. அதெல்லாம் கண்ணால பாத்த ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்கு ராஜாவுக்கு விசுவாசம் எங்கேருந்து வரும்? 1943 ஜூலையில நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து பொறுப்பெடுத்ததும் மலாயாத் தமிழ்ப் பசங்க கிளம்புனது ஜப்பான் மேல ஆசப்பட்டு இல்ல. இம்பால் பக்கம் 1944 மழையில பசியிலயும் மலேரியாவுலயும் விழுந்தவங்களுக்கு அப்போ எந்த அரசாங்கமும் கல்லு வைக்கல. சிங்கப்பூர்ல எஸ்பிளனேட்ல வச்ச ஐ.என்.ஏ. நினைவுத்தூணக் கூட, நேதாஜி 1945 ஜூலை 8-ல அடிக்கல் நாட்டுனது, பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் செப்டம்பர்லயே ஒடச்சுட்டான். போர்க் கல்லறை ஆணையத்து லிஸ்ட்லயும் தேடாதீங்க, கெடைக்காது.

கடைசியா என்ன பண்ணோம்னா, ஒரே பலகை, நாலாவது வரிசையில அகர வரிசைப்படி, பேருக்கு பக்கத்துல எந்த படைன்னு மட்டும் இருக்கும். யாரு எந்த பக்கம் நின்னாங்கன்னு படிக்கிறவன் தெரிஞ்சுக்கட்டும், நாங்க தீர்ப்பு எழுதல. அந்த நண்பர் இன்னும் ஒத்துக்கல. ஆனா ஒவ்வொரு மீட்டிங்குக்கும் வர்றாரு, டீ மட்டும் குடிக்க மாட்டாரு.

அப்போ கம்யூனிஸ்ட் பக்கம் போனவங்க?

இதுக்கு முடிவு எடுக்கல. தொழிற்சங்கத் தலைவர் கணபதிய 1949 மே 4-ல கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க, அவரு பேர சொன்னாலே இன்னைக்கும் வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுது. அவரு நம்ம ஸ்கூல் இல்ல, உதாரணத்துக்கு சொன்னேன். நம்ம பழைய மாணவர் ஒருத்தர் விஷயம் ஃபைல்ல இருக்கு, அதுக்கு மேல இப்போதைக்கு கேக்காதீங்க.

சயாம் ரயிலுக்கு போனவங்க போர்ல செத்ததா கணக்கா?

எனக்கு ராத்திரி தூக்கம் கெட்டது இந்த கேள்விக்குத்தான்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: 1942-43ல சயாமுக்கும் (இப்போ தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல 415 கிலோமீட்டர் ரயில் பாதைய ஜப்பான்காரன் ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல ஆனதுக்குள்ள போட்டு முடிச்சான். போர்க்கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க கிட்டத்தட்ட ரெண்டு லட்சம், அதுல செத்தவங்க 90,000 வரைக்கும்னு சொல்றாங்க, மலாயா தோட்டத்துலேருந்து போன தமிழருங்கதான் அதுல பெரிய பங்கு. அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரியில இருக்குற போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போயிருக்கேன். வெள்ளக்கார, டச்சுக்காரக் கைதிங்களுக்கு வரிசையா கல்லு, வெட்டுன புல்லு, ஒவ்வொருத்தனுக்கும் பேரு, வயசு, அம்மா எழுதுன ஒரு வரி. 6,982 கல்லறை. நம்ம தொழிலாளிங்களுக்கு அந்தத் தோட்டத்துல ஒண்ணும் இல்ல. காலராவுல செத்தவங்கள குழியில தள்ளி மூடுனதோட சரி.

போனவங்கள்ல முக்காவாசி ஸ்கூல் வாசல மிதிக்காதவங்க. ஆனா கூட்டத்துக்கு கணக்கு எழுத கிராணி, மருந்து குடுக்க டிரஸ்ஸரு, ஜப்பான்காரன் சொல்றத எடுத்துச் சொல்ல ஆளு, இவங்களையும் பிடிச்சுட்டு போனான், அவங்கெல்லாம் நம்ம மாதிரி இங்கிலீஷ் ஸ்கூல்ல சீனியர் கேம்பிரிட்ஜ் படிச்ச பசங்க. அப்படி நம்ம ஸ்கூல் ஆளுங்க பேரு கொஞ்சம் கெடச்சிருக்கு. துப்பாக்கி தூக்கல, யூனிஃபார்ம் போடல, ஆனாலும் போர்தான் கொன்னுச்சு. அதனால பலகையில வரும்.

முடிவு எடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறுத்த ஆரம்பிச்சுது. அந்த கிராணி கூட அதே லாரியில ஏறுனவங்க இருவது முப்பது பேரு இருப்பாங்க. அவரு இங்கிலீஷ் படிச்சாருங்கறதுக்காக அவரு பேரு மட்டும் தங்க எழுத்துல, மத்தவங்க? என் பொண்டாட்டி கேட்டா, "ஒரு வரியாவது போட மாட்டீங்களா?" போடறோம். நாலாவது வரிசைக்கு கீழ, "இவர்களோடு சென்ற, பெயர் தெரியாதவர்களுக்கும்"னு ஒரு வரி. ஸ்கூல் பலகை அதுக்கு மேல தாங்காது.

பினாங்குல குண்டு விழுந்து செத்த பசங்க?

1941 டிசம்பர் 11. மொத தடவ ஏரோப்ளேன் கூட்டமா வந்தப்போ நம்ம பக்கத்து ஏரோப்ளேன்னு நெனச்சு ஜனங்க தெருவுல நின்னு வேடிக்க பாத்தாங்க, அப்படியே செத்தாங்க. அன்னைக்கு டியூட்டியில இருந்தவங்க, அதாவது ஏ.ஆர்.பி., தீயணைப்பு, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி இதுல இருந்த பழைய மாணவருங்க கண்டிப்பா வருவாங்க. சும்மா வேடிக்க பாத்தவரு வருவாரான்னு கேட்டா, அப்போ ஸ்கூல்ல படிச்சுட்டு இருந்தவங்கள மட்டும் சேக்கறோம், ஆஜர் ரிஜிஸ்டர்ல பேருக்கு எதிர்ல கோடு அந்த வாரத்தோட நின்னு போன பசங்க அவங்க. சீனருங்க இந்த விஷயத்துல நமக்கு ரொம்ப முன்னாடி போயிட்டாங்க, பினாங்கு ஆயர் ஈத்தாம்ல அவங்க 1951-லயே நினைவுத்தூண் எழுப்பிட்டாங்க.

பொண்ணுங்க யாரும் இல்லையா?

அந்த காலத்துல நம்மது பாய்ஸ் ஸ்கூல், சிக்ஸ்த் ஃபார்ம்ல பொண்ணுங்க வந்ததெல்லாம் பின்னால. ஆனா ஐ.என்.ஏ.வோட பொண்ணுங்க படை, ஜான்சி ராணி படையில போன மலாயாத் தமிழ்ப் பொண்ணுங்கள மறந்துடாதீங்க, கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பன் அந்த படைக்கு துணைத் தளபதியா இருந்தவங்க, 2014-ல தான் காலமானாங்க, ராசம்மா பூபாலன் பின்னால ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனவங்க. ரெண்டு பேரும் உயிரோட திரும்புனவங்க. கேர்ள்ஸ் ஸ்கூல் பழைய மாணவிங்க யாராவது தனியா ஒரு லிஸ்ட் ஆரம்பிச்சா நாங்க தேடுன வழியெல்லாம் சொல்லித் தர்றோம்.

எங்க தாத்தா பேர சேக்கணும். என்ன கொண்டு வரணும்?

ரெண்டு விஷயம் நிரூபிக்கணும்: நம்ம ஸ்கூல்ல படிச்சாரு, போர்ல செத்தாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காயிதம் இருந்தா போதும். சுங்கை பட்டாணி தாத்தா கதைக்கப்புறம் "எங்க பாட்டி சொன்னாங்க" மட்டும் வச்சு சேக்க மாட்டோம், பாட்டி கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்.

படிச்சதுக்கு: லீவிங் செர்டிபிகேட், கேம்பிரிட்ஜ் செர்டிபிகேட், ஸ்கூல் மேகசின்ல பேரு, ஃபீஸ் ரசீது, கிளாஸ் போட்டோ பின்னால பேரு எழுதியிருந்தாலும் சரி. செத்ததுக்கு: டெத் செர்டிபிகேட், பட்டாளத்துலேருந்து வந்த லெட்டர், பேப்பர் விளம்பரம், கோயில்ல திதி குடுத்த ரசீதக் கூட ஒருத்தரு கொண்டு வந்தாரு, பழசு, அதையும் துணைச் சான்றா வாங்கிக்கிட்டோம்.

ஒண்ணு கவனிங்க. ஜப்பான்காரன் காலத்து காயிதத்துல வருஷம் 2602, 2603ன்னு போட்டிருக்கும். பிரிண்டிங் மிஸ்டேக்னு தூக்கிப் போட்டுடாதீங்க, அது அவங்க வருஷக் கணக்கு, 660 கழிச்சா நம்ம வருஷம் வரும், 2602ன்னா 1942. கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருந்தாங்க, செத்த நேரம் எழுதியிருந்தா அதையும் மனசுல வச்சுக்குங்க, திதி பாக்குறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒரு காயிதமும் இல்ல. நானே எப்படி தேடறது?

போர்க் கல்லறை ஆணையத்தோட தேடுற வசதி ஃப்ரீ. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பருங்கள ஆன்லைன்ல போட்டு வச்சிருக்கு, அதுவும் ஃப்ரீ, ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மட்டும் இல்ல, பினாங்கு கெஜட்டும் இருக்கு. அடுத்தது கோலாலம்பூர்ல ஆர்க்கிப் நெகாரா, அதான் தேசிய ஆவணக் காப்பகம்.

தேடுறப்போ நம்ம பேருதான் நமக்கே எதிரி. ஆறுமுகம்னு ஒரு பேரு, இங்கிலீஷ்ல ஒருத்தன் ‘மு’வுக்கு ரெண்டு ஓ போட்டிருக்கான், ஒருத்தன் ஒரு யூ, இன்னொருத்தன் ‘று’வையே முழுங்கிட்டான். பிள்ளை, நாயுடுன்னு ஜாதிப் பேரு ஒட்டியிருந்தா அதையே குடும்பப் பேருன்னு நெனச்சு அதுக்கு கீழ போட்டிருப்பான், அதனால ராமசாமி பிள்ளைய ‘ரா’வுல தேடிக் கெடைக்கலன்னா ‘பி’யில தேடுங்க. அப்பா பேரு முன்னாடி போயி புள்ள பேரு இனிஷியல் ஆனதும் உண்டு. நான் ஒருத்தர நாலு மாசம் தேடுனேன், கடைசியில அவங்கப்பா பேர்ல படுத்துருந்தாரு.

கல்லறை எங்க இருக்கும்? போயி கும்பிடணும்.

கிட்டக்க இருக்குறது தைப்பிங் போர்க் கல்லறை, பினாங்குலேருந்து காலையில கிளம்புனா மத்தியான சாப்பாட்டுக்கு அங்கயே மீ கோரிங் சாப்ட்டுட்டு திரும்பிடலாம். 850 பேருக்கு மேல, அதுல பாதிக்கு மேல ஆளு யாருன்னே தெரியாதவங்க. நடுவுல ரோடு போகுது, ஒரு பக்கம் கிறிஸ்தவங்க, எதிர்ப் பக்கம் இந்திய முஸ்லிமும் கூர்க்காவும் மத்தவங்களும். நம்ம வழக்கப்படி எரிச்ச இந்திய வீரருங்களுக்கு சிங்கப்பூர் கிராஞ்சியில தனியா ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, கிட்டத்தட்ட 800 பேரு. ஒடம்பே கெடைக்காதவங்க பேரு அதே கிராஞ்சியில பெரிய செவுத்துல, 24,000 பேருக்கு மேல. நாளைக்குப் போறோம்னா எந்த செவுரு எந்த நம்பர்னு முன்னாடியே எழுதி எடுத்துக்கிட்டு போங்க, இல்லன்னா வெயில்ல கண்ணு பூத்துடும்.

பலகையில ரேங்க், பட்டம், ஜாதிப் பேரெல்லாம் போடுவீங்களா?

ரேங்க் கெடையாது. ஜாதிப் பேரு அவரு ஸ்கூல் ரிஜிஸ்டர்ல எப்படி இருந்துச்சோ அப்படி, நாங்களா சேக்கவும் மாட்டோம் வெட்டவும் மாட்டோம். பேரன் டத்தோ பட்டம் வாங்குனவருங்கறதுக்காக தாத்தாவுக்கு பெரிய எழுத்து கேட்டாங்க, முடியாதுன்னுட்டோம்.

தமிழ்லயும் எழுதுவீங்களா?

பழைய பலகைய மருந்தடிச்சு திருப்பி மாட்டறோம், மூணாவது வரிசையில அந்த ஒரு பேர எடுத்தத தவிர பழைய எழுத்துல கை வைக்கல. நாலாவது வரிசையில சேர்ற பேருங்களுக்கு அவங்கவங்க எழுத்துலயும் ஒரு தடவ எழுதறோம், தமிழன்னா தமிழ்ல, சீனருக்கு சீனத்துல, மலாய்க்காரருக்கு ஜாவியில, அதான் அரபு எழுத்துல. கோடிச் செலவு பண்ணி சிலை வைக்க நமக்குத் தெரியாது, ஆனா விழுந்தவனுக்கு கல்லு நட்டு பேரும் பெருமையும் எழுதி மயில்பீலி சூட்டுறது நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷமா பண்ற வேல, அத இங்கிலீஷ்ல மட்டும் எழுதிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?

எந்த நாள்ல நினைவுக்கூட்டம்? பூஜ உண்டா?

மொத உலகப்போர் முடிஞ்ச நவம்பர் 11-க்கு பாடாங் கோத்தாவுல இருக்குற நினைவுத்தூண்ல ஒரு கூட்டம் நடக்கும், ஜூலை 31 ஹரி பஹ்லாவான் (வீரர் நாள்), 1960-ல எமர்ஜென்சி முடிஞ்ச நாளு. நாங்க ரெண்டையும் விட்டுட்டு டிசம்பர் 11-அ எடுத்துக்கிட்டோம், ஊருல குண்டு விழுந்த நாளு எல்லா இனத்துக்கும் பொது. பூஜ, ஜபம், டோவா எதுவும் ஸ்கூலுக்குள்ள வேணாம்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு, சரின்னுட்டோம். ரெண்டு நிமிஷம் அமைதி, அப்புறம் இப்போ படிக்கிற பசங்க பேரு படிப்பாங்க. போன வருஷம் பேரு படிச்ச ஒரு மலாய்ப் பையன் தமிழ்ப் பேரு ஒண்ணொண்ணையும் வீட்ல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிட்ட போயி கேட்டு பழகிட்டு வந்தானாம், ‘ழ’வே சுத்தமா வந்துச்சு.

காசு குடுக்கணுமா?

பேரு சேக்க ஒரு சென்னும் வேணாம். கரையான் மருந்துக்கு யாராவது உதவுனா சந்தோஷம்.

எப்போ வந்து பாக்கலாம்?

சனிக்கெழம காலையில ஒம்பதுலேருந்து பன்னெண்டு வரைக்கும். கேட்ல கார்டு கிட்ட ஐ.சி. (அடையாள அட்டை) குடுத்துட்டு ஹால் சாவி கேளுங்க. புதுசா வந்த கார்டுக்கு பலகைன்னா தெரியாது, கிரிக்கெட் போர்டு பக்கத்துல இருக்குறதுன்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போவாரு. போட்டோ எடுங்க, ஆனா எழுத்து மேல கை வைக்காதீங்க, தங்கக் கலரு இன்னும் முழுசா காயல.